மூணு சைசு ஃபிலிமும் போடுற மிஷின்

வாங்க தம்பி, செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க. கோயம்புத்தூர்லேருந்தா வர்றீங்க? மாப்பிள்ளை சொன்னாரு, போன்ல விளம்பரத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் நேர்லயே வர்றாருன்னு. நான் நம்பல. பழைய இரும்புக்காரன் எடைக்குக் கேட்டுட்டுப் போனான். மாப்பிள்ளைதான், இருங்கத்தே, இதுக்குன்னு கிறுக்குப் புடிச்ச ஆளுங்க இருக்காங்க, தேடிக்கிட்டு வருவாங்கன்னாரு. உங்களைச் சொல்லல. பொதுவா சொன்னாரு.

இதான் ரூம். ஜன்னல்ல அடிச்ச பலகையை இன்னும் எடுக்கல, அதான் பகல்லயே லைட்டு. நல்லா தொட்டுப் பாருங்க. போர்வை போட்டு மூடித்தான் வச்சிருந்தாரு, தூசி இருக்காது. ஃபிலிம் மாட்டுற தட்டு மூணும் அந்தப் பெட்டியில இருக்கு. சின்ன ஃபிலிமுக்கு ஒண்ணு, ரோல் ஃபிலிமுக்கு ஒண்ணு, இந்தப் பெருசு ஷீட் ஃபிலிமுக்கு. லென்சும் மூணு. எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்குறீங்களா? இதை வாங்குனதே நான்தான் தம்பி. அவரு இல்ல. என் சீட்டுப் பணத்துல நான் வாங்கிக் குடுத்தேன்.

அவரு புரட்டாசியில போயிட்டாரு. எழுபத்தி நாலு.

ஆமா, நீங்க கேக்குறது நியாயம்தான். முப்பது வருஷத்து மிஷின் எப்படி இவ்வளவு புதுசா இருக்குன்னு எனக்கும்தான் வயித்தெரிச்சல். மொத்தமா ஒரு மாசம் ஓட்டியிருப்பாரு, அப்புறம் ஒரே ஒரு நாள். அவ்வளவுதான். ஏன்னு கேட்டா என்ன சொல்ல? நல்லது பண்ணினா நிலைக்காத வீடு இது. நீங்க லென்சைப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த ஸ்டூல்ல உக்காந்துக்குறேன், முட்டி நிக்க விடாது.

அவரு பேரு வைத்தியலிங்கம். ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற வேலை. அங்கேயே இருட்டு ரூமு, மருந்துத் தண்ணி எல்லாம் பழகிப்போச்சு. ஞாயித்துக்கிழமையானா கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாரு. காவேரிப் பாலம், ரயிலு, சந்தையில மாடு. எடுத்த ஃபிலிமைக் கழுவுறது வரைக்கும் ஆஸ்பத்திரியிலேயே பண்ணிப்பாரு, பெரிய டாக்டர் கண்டுக்க மாட்டாரு. படமாப் போடுறதுக்குத்தான் ஸ்டூடியோவுக்குப் போகணும். சொந்தமா ஒரு என்லார்ஜர், ஃபிலிமைப் பெருசாக்கிக் காகிதத்துல படமாப் போடுற இந்த மாதிரி மிஷினு, இருந்தா எப்படி இருக்கும்னு சாப்பிடும்போது சொல்லுவாரு, குளிச்சுட்டு வரும்போது சொல்லுவாரு. பதினஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாரு.

அப்ப வீட்டுல நாலு பேரு. அவரு, நான், பொண்ணு வளர்மதி, அப்புறம் என் நாத்தனார். அவருக்கு அக்கா, அஞ்சு வயசு மூத்தவங்க. தையல்நாயகின்னு பேரு. நான் அண்ணின்னு கூப்பிடுவேன். மரியாதையில ஒருநாளும் குறை வச்சதில்ல. அவங்களுக்குக் கல்யாணம் ஆகல. நிச்சயம் பண்ணின பிறகு என் மாமனார், அவங்க அப்பா, இறந்துபோயிட்டாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பின்வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் இவங்க ஒரு தையல் மிஷினை வாங்கிப் போட்டுக்கிட்டு ரவிக்கை தைக்க ஆரம்பிச்சாங்க. தம்பியைப் படிக்க வச்சது அந்தத் தையல் மிஷின்தான்னு உறையூர்ல பாதிப் பேரு சொல்லுவாங்க. நானும் இல்லைன்னு சொல்லல. ஆனா தினம் தினம் சொல்லணுமா?

அவங்க இருந்தது இந்த ரூம்லதான். நீங்க நிக்கிற இடத்துல கட்டிலு. ஜன்னல் ஓரமா தையல் மிஷினு.

சாயங்காலம் நாலரைக்கு அவரு வருவாரு. கால் கழுவுவாரு. நேரா இந்த ரூமுக்கு வருவாரு. காபியை நான் இங்க கொண்டுவந்து குடுக்கணும். அவங்க தைப்பாங்க, இவரு தரையில உக்காந்து பேசுவாரு. ஆஸ்பத்திரியில யாருக்கு எலும்பு உடைஞ்சுது, யாரு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னா வெளிய விட்டாங்கன்னு. சிரிப்பாங்க. அரை மணி நேரம், முக்கா மணி நேரம். அடுப்படியில நிக்கிற எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்கும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அக்கா தம்பி பேசுறதுல என்ன இருக்கு? என்கிட்ட வரும்போது அதே கதையைச் சுருக்கமா சொல்லுவாரு, அதைத்தான் சொல்றேன். சிரிப்பு வர்ற இடத்தை விட்டுட்டுச் சொல்லுவாரு.

அந்த வருஷம், தொண்ணூத்தி மூணுன்னு வச்சுக்குங்க, சிந்தாமணிப் பக்கம் ஸ்டூடியோ வச்சிருந்த பிரகாசம்னு ஒருத்தர் கலருக்கு மாறிட்டாரு. கறுப்பு வெள்ளை சாமானெல்லாம் எடத்தை அடைக்குதுன்னு விக்கிறேன்னாரு. இவருக்குத் தெரிஞ்ச ஆளு. எனக்கும் அதே மாசம்தான் சீட்டு விழுந்துது. வளையல் பண்ணணும்னு இருந்தேன். வேண்டாம், உங்க ஆசைக்கு வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டேன். இவரு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கல்யாணமான புதுசுல கூட அப்படிப் பார்த்ததில்ல.

ரெண்டு பேருமா போனோம். அங்க ரெண்டு என்லார்ஜர் இருந்துது. ஒண்ணு சின்னது, சின்ன ஃபிலிம் மட்டும் போடலாம். இன்னொண்ணு இது, பிரகாசம் புதுசா வாங்கி அதிகம் ஓட்டாதது. இவரு வச்சிருந்த கேமராவுக்கு அந்தச் சின்னதே போதும். அதையே தடவித் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தாரு. இது பெருசு மங்கை, நமக்கு எதுக்குன்னாரு. நான் மங்கையர்க்கரசி, அவரு மங்கைன்னுவாரு. அப்புறம் லென்சைச் சோதிச்சுப் பார்க்குறேன்னு உள்ள இருட்டு ரூமுக்குள்ள போனாரு. அந்த நேரத்துல நான் பிரகாசத்துக்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"இந்த ரெண்டுல எதுக்குங்க தனி ரூம் வேணும்?"

அவரு விளக்கமா சொன்னாரு. சின்னதுன்னா பாத்ரூம்ல ஒரு பலகை போட்டு வச்சுக்கலாமாம், வேலை முடிஞ்சதும் தூக்கிப் பரண்ல வச்சுடலாமாம். பெருசு அப்படி இல்லையாம். ஒரு தடவை நிறுத்தினா நிறுத்தினதுதானாம், ஆடக் கூடாதுன்னு செவுத்தோட சேர்த்து போல்ட் அடிக்கணுமாம், ஜன்னலை அடைக்கணுமாம், அந்த ரூம்ல வேற எந்தப் புழக்கமும் வச்சுக்க முடியாதாம்.

அப்ப பெருசே குடுங்கன்னேன்.

இவரு வெளிய வந்ததும் எடுத்துச் சொன்னேன். சின்னதை வாங்கினா நாளைக்கு வேற கேமரா வாங்கும்போது என்ன பண்ணுவீங்க, மூணு சைசும் போடுறதை வாங்கினா ஆயுசுக்கும் போதும், வாங்குறதுதான் வாங்குறோம், நல்லதா வாங்குவோம்னு. இவரு மறுத்துப் பேசுற ஆளு இல்ல. பணமும் என் பணம். மேட்டுப் பாதையில மாட்டு வண்டி ஏறுற மாதிரி ரெண்டு ஆளு மூச்சு வாங்கிக்கிட்டு வேன்ல ஏத்தினாங்க.

ராத்திரி சாப்பாட்டுல எங்க வைக்கிறதுன்னு பேச்சு வந்துது. நான் வாயைத் திறக்கவே இல்ல. ஹாலு, அடுப்படி, எங்க பெட்ரூமு, இந்த ரூமு, அவ்வளவுதானே வீடு. இவரு சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு. எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம முழிச்சாரு. நானும் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மனசுக்குள்ள தயார் பண்ணிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள அண்ணியே சொல்லிட்டாங்க.

"என் ரூம்ல வச்சுக்கடா வைத்தி. குழாய் பக்கத்துல இருக்கு, உனக்குச் சௌகரியம். நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

அப்படிப்பட்ட ஆளு தம்பி அவங்க. கேட்டு வாங்கலாம்னு நாம நினைக்கிறதை அவங்களே எடுத்துக் குடுத்துடுவாங்க. அந்த மாதிரி ஆளுங்களோட குடும்பம் நடத்துறது எவ்வளவு கஷ்டம்னு யாருக்கும் புரியாது. கோவிச்சுக்கவும் முடியாது. மறுநாளே கட்டிலை மடக்கிட்டாங்க. தையல் மிஷினைப் பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில போட்டுக்கிட்டாங்க. ஜன்னல்ல பலகை அடிக்கும்போது ஆணி எடுத்துக் குடுத்தது அவங்கதான்.

சரி, ரூம் காலியாச்சு. இனிமே சாயங்காலம் ஹால்ல என் கண்ணு முன்னாடிதானே பேசணும்னு நினைச்சேன். நினைச்சேன்னா, தப்பா இல்ல. எல்லாரும் சேர்ந்து பேசலாமேன்னு.

என்ன ஆச்சு தெரியுமா? இவரு முதல் படம் போட்டாரு. வெள்ளைக் காகிதத்தைத் தட்டுல இருக்கிற மருந்துத் தண்ணியில போட்டா உருவம் மெல்ல வருமாமே, உங்களுக்குத் தெரியாததா. அது வர்ற நேரத்துல கதவைத் திறந்து கூப்பிட்டாரு. "அக்கா, சீக்கிரம் வந்து பாரு." நான் அடுப்படி வாசல்ல கரண்டியோட நிக்கிறேன். என் பணத்துல வாங்குன மிஷினு. எனக்கு மருந்து வாசனை ஆகாதுன்னு கூப்பிடலைன்னு வச்சுக்குங்க.

அதுக்கப்புறம் அதே வழக்கமாப் போச்சு. வெளிச்சம் வந்துடக் கூடாதுன்னு உள்ள தாழ்ப்பாள். கதவுக்கு அடியில சிவப்பா ஒரு கோடு தெரியும். உள்ள பேச்சு, சிரிப்பு. முன்ன அரை மணி நேரம் இருந்தது இப்ப ஒன்றரை மணி நேரம். முன்னயாவது கதவு திறந்திருக்கும், காபி குடுக்குற சாக்குல போய் நிக்கலாம். இப்ப தட்டினா, இரு மங்கை, திறக்க முடியாது, படம் கெட்டுப்போயிடும்ங்குறாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டுக் கமலாம்பா சல்லடை கேட்டு வந்தாங்க. வீட்டுல யாரும் இல்லையான்னாங்க. உள்ள படம் போடுறாங்கன்னேன். யாரு யாருன்னாங்க. அவரும் அவங்க அக்காவும்னேன். சரின்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, சல்லடையை வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஆனா அந்தச் 'சரி' எனக்குள்ள ஒரு மாதிரி உக்காந்துக்கிச்சு.

மறுநாள் அண்ணி கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் போய் மெதுவாத்தான் சொன்னேன்.

"கதவைச் சாத்திக்கிட்டு இருட்டுல ரெண்டு பேரும் மணிக்கணக்கா இருக்கீங்களே அண்ணி, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

அவங்க கையில வளர்மதியோட பாவாடை. பிழிஞ்சுக்கிட்டிருந்தவங்க அப்படியே நின்னாங்க. என்ன நினைப்பாங்கன்னு கேட்டாங்க. நிஜமாவே புரியாமத்தான் கேட்டாங்க. நான் நினைக்கல அண்ணி, ஊரைச் சொல்றேன்னேன். அப்பதான் புரிஞ்சுது. முகம் எப்படிப் போச்சுன்னா... எப்படிச் சொல்றது, யாரோ கன்னத்துல அறைஞ்சா முதல்ல வலிக்காது பாருங்க, அந்த மாதிரி. வாளியில மிச்சம் இருந்த துணி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா உதறிக் காயப் போட்டாங்க. என் புடவையையும்தான்.

நான் கேட்டது தப்பா, நீங்களே சொல்லுங்க. நாலு பேரு சொல்லிக் கேக்குறதுக்கு முன்னாடி வீட்டு மனுஷி சொன்னா நல்லதுதானே.

அதுக்கப்புறம் அவங்க இந்த ரூமுக்குள்ள கால் வைக்கல. இவரு கூப்பிட்டா தலைவலிம்பாங்க. ஹால்ல இவரு வந்து உக்காந்தா எழுந்து அடுப்படிக்கு வந்துடுவாங்க. நான் இல்லாம அவரோட தனியா ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க. இவருக்கு ஒண்ணும் புரியல. அக்காவுக்கு என்ன ஆச்சு, நான் ஏதாவது சொல்லிட்டேனான்னு என்னைக் கேப்பாரு. வயசுங்க, நாப்பத்தஞ்சைத் தாண்டினா பொம்பளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும்னேன். அண்ணியும் காட்டிக் குடுக்கல. அதையும் சொல்லணும், அவங்களுக்குக் காட்டிக் குடுக்குற புத்தி கிடையாது.

எட்டாம் நாள், ரவிக்கை தைக்க வர்ற ஒரு அம்மா மூலமா ஒரு வேலை பார்த்துக்கிட்டாங்க. மெட்ராஸ்ல, நங்கநல்லூர்ல ஒரு வீடு. பக்கவாதத்துல படுத்துக்கிடக்குற ஒரு அம்மாவைப் பார்த்துக்கணும், அங்கேயே தங்கிக்கணும். இவரு போக வேண்டாம்னு கெஞ்சினாரு. அவங்க, சும்மாவே உக்காந்திருக்கப் பிடிக்கலடான்னாங்க. பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாரு. கண்ணு சிவந்திருந்துது. காலையில மருந்து கலக்குனாரு, அது கண்ணுல பட்டிருக்கும்.

தையல் மிஷினை எடுத்துட்டுப் போகல. அங்க எங்க வைக்க முடியும்? மழை பேஞ்சா தகரத்துக்கு அடியில சாரல் அடிக்கும், துருப்பிடிச்சு வீணாத்தானே போகும். நான் அதை வித்துட்டு இவருக்குப் படம் கழுவுற தட்டு நாலு நல்லதா வாங்கினேன். ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டுவந்த பழைய தட்டை வச்சுக்கிட்டு அல்லாடிக்கிட்டிருந்தாரு. புதுத் தட்டைக் கொண்டுவந்து வச்சதும் ஏது பணம்னாரு. சொன்னேன். அதுக்கப்புறம் இந்த ரூம் லைட்டைப் போடவே இல்ல. ரெண்டு வருஷம். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், இவ்வளவு பணம் போட்டு வாங்கி சும்மா கிடக்குதே, ஒரு படம் போடுங்களேன்னு. மூட் இல்ல மங்கைம்பாரு.

அந்தத் தட்டெல்லாம் உங்களுக்குச் சும்மாவே தந்துடுறேன். புதுசாவே இருக்கு.

தொண்ணூத்தி ஆறு மார்ச்சுல வளர்மதிக்கு பிளஸ் டூ பரீட்சை. உங்களுக்குத் தெரியும், அந்த மார்க்கை வச்சுத்தான் எல்லாமே. அந்த நேரம் பார்த்து ஒரு கார்டு வருது. அண்ணி கையெழுத்து. வைத்தி, வயித்துல கட்டின்னு சொல்றாங்க, முடிஞ்சா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போ, அவசரமில்லைன்னு.

அவசரமில்லைன்னு அவங்களே எழுதியிருந்தாங்க தம்பி. இவரைப் பத்தி எனக்குத் தெரியும். கார்டைப் பார்த்தா அன்னைக்கே ரயில் ஏறிடுவாரு. பொண்ணு யாருகிட்ட கணக்குக் கேப்பா? கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் குடுக்கலாம்னு துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில வச்சேன். பத்து நாள்ல இன்னொரு கார்டு வந்துது, அது வேற யாரோ எழுதினது. அதையும் அங்கேயே வச்சேன். ஒரு பரீட்சைதான் பாக்கி. நாலே நாள். அந்த நாலு நாள் அவங்களால இருக்க முடியல.

கமலாம்பா வீட்டுக்குத்தான் போன் வந்துது. இவரு போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. மார்ச்சுரியில எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்க? மூணாம் நாள் ஒரு துணிப்பையோட திரும்பி வந்தாரு. ரெண்டு புடவை, ஒரு கத்தரிக்கோல். அந்த வீட்டுக்காரங்க ரெண்டு கார்டு போட்டோம்னு சொல்றாங்க மங்கை, வந்துதான்னு கேட்டாரு. வரலையே, தபால்காரன் எங்கயாவது போட்டுட்டுப் போயிருப்பான்னேன். என்னையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் தலையை ஆட்டினாரு. அந்த நேரத்துல உண்மையைச் சொன்னா மட்டும் அவங்க திரும்பி வரப் போறாங்களா? பரீட்சை விஷயமா செஞ்சதுதானே. வளர்மதி அந்த வருஷம் கணக்குல இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு.

காரியத்துக்கு மாட்டுறதுக்கு அண்ணி படம் ஒண்ணு கூட இல்ல. இவ்வளவு படம் எடுக்குறாரு, அவங்களை எடுத்ததில்லையான்னு கேப்பீங்க. நிக்க மாட்டாங்க. கேமராவைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க. அவங்க நேராப் பார்த்து நின்னது எங்க கல்யாணத்துல மட்டும்தான். அந்தப் படத்தையும் பூச்சி அரிச்சுப்போச்சு. அந்தக் கல்யாணப் படம் எடுத்தது பிரகாசம் ஸ்டூடியோதான், அந்தக் காலத்துல இவ்வளவு பெரிய ஷீட் ஃபிலிம்ல எடுப்பாங்க. அந்த ஃபிலிம் கிடைக்குமான்னு தேடிக்கிட்டு இவரு போனாரு.

அங்க நடந்ததை எனக்கு ரொம்ப நாள் கழிச்சுப் பிரகாசமே சொன்னாரு, கடைவீதியில பார்த்தப்ப. ஃபிலிமை எடுத்துக் குடுத்துட்டு, பேச்சுக்கு என்லார்ஜர் எப்படி இருக்கு சார்னு கேட்டாராம். உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க, ரெண்டுல எதுக்குத் தனி ரூம் வேணும்னு விசாரிச்சுட்டுத்தானே பெருசை வாங்கினாங்கன்னு சொன்னாராம். சிரிப்பாருன்னு நினைச்சுச் சொன்னேம்மா, சாரு பக்கத்துல இருந்த நாற்காலியில உக்காந்துட்டாரு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாருன்னாரு. ஊர்ப் பேச்சு பேசுற மனுஷன். எங்க எதைச் சொல்றதுன்னு தெரியாது.

அவரு ஃபிலிமோட வீட்டுக்கு வந்த அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குக் கூட உக்காராம இந்த ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு கதவுக்கு அடியில அந்தச் சிவப்புக் கோடு தெரிஞ்சுது. எனக்குச் சந்தோஷம்தான். அஞ்சு மணிக்கு வெளிய வந்தாரு. படம் வந்துதான்னு கேட்டேன்.

"வந்துச்சு"ன்னாரு.

அண்ணி முகத்தை மட்டும் பெருசாக்கி ஒரு படம் கொண்டுவந்து ஹால்ல மாட்டினாரு. நீங்க வரும்போது பார்த்தீங்களே, அதான். அன்னைக்கே பாயைத் தூக்கிக்கிட்டு இந்த ரூமுக்கு வந்துட்டாரு. மிஷினுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம் இருக்கா, பாருங்க. காலை மடக்கித்தான் படுக்கணும். இருவத்தெட்டு வருஷம் படுத்தாரு.

சண்டை இல்ல, சத்தம் இல்ல. சம்பளத்தைக் கொண்டுவந்து மேஜையில வைப்பாரு. போட்டா சாப்பிடுவாரு. என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாரு. ஒருநாள் வேணும்னே குழம்புல உப்பே போடாம வச்சேன். ஏன் போடலைன்னாவது கேப்பாருன்னு. சாப்பிட்டுட்டு எழுந்து கை கழுவினாரு. இன்னொரு நாள் ரெட்டிப்பா அள்ளிப் போட்டேன். அதையும் சாப்பிட்டாரு. வெளிய போனா பூட்டு, உள்ள இருந்தா தாழ்ப்பாள். சாவி கயித்துல கோத்து, பூணூல் மாதிரி எப்பவும் உடம்புலயே கிடக்கும். பொண்ணு கல்யாணத்துல பக்கத்துல நின்னாரு. போட்டோக்காரன், அம்மாகிட்ட கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்ன்னான். நகர்ந்தாரு, அந்தப் பக்கம்.

நான் என்ன பண்ணினேன்? இருந்த பணத்தைப் போட்டு ஆசைப்பட்டதை வாங்கிக் குடுத்தேன். எந்தப் பொண்டாட்டி பண்ணுவா?

போனதும் இந்த ரூம்லதான். மத்தியானம் ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுது. தட்டினேன். பதில் இல்ல. எப்பவும் பதில் இருக்காதே, அதனால திரும்பிப் போயிட்டேன். ஆறு மணிக்குத்தான் ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சோம். அந்தத் தாழ்ப்பாள் புதுசு, பாருங்க. டாக்டர், நாலு மணி வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னாரு. கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும் தம்பி. அடுப்படியிலதான் இருந்தேன். பத்தடி.

சரி, விடுங்க. வியாபாரத்துக்கு வருவோம். உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். வாங்கிட்டுப் போனப்புறம் அந்தம்மா குறையை மறைச்சு வித்துட்டாங்கன்னு நீங்க சொல்லக் கூடாது. இந்தப் படம் இந்தச் செவுத்துல மாட்டியிருந்துது, படுத்தா நேராத் தெரியுற மாதிரி. அவரு போனப்புறம்தான் நான் பார்த்தேன். அன்னைக்குப் போட்ட இன்னொரு படம். எங்க கல்யாணப் படம். இது அண்ணி. என்ன சிரிப்பு பாருங்க. நடுவுல அவரு, மாலையோட. அவருக்கு இந்தப் பக்கம் நிக்கிறது நான். நிக்கிறது நான்தான், ஆனா விழல. அந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கு. கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பாருங்க, அவரு கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கு, அப்புறம் வெள்ளைக்குள்ள போயிடுது. மிஷின்ல ஒரு பக்கம் வெளிச்சம் சரியா இறங்கல போலிருக்கு. ரெண்டு வருஷம் சும்மா கிடந்ததுல என்னவோ ஆயிருக்கு. ரிப்பேர் பண்ணிக்கலாம்னா அதுக்குத் தகுந்த மாதிரி விலையைக் குறைச்சுக்கச் சொல்றேன் மாப்பிள்ளைகிட்ட.

என்ன தம்பி, படத்தை இவ்வளவு கிட்ட வச்சுப் பாக்குறீங்க?

மிஷின் கோளாறு இல்லையா? வெளிச்சம் இறங்கலைன்னாத்தானே வெள்ளையாகும்? அதைத்தானே நானும் சொல்றேன். மறைக்கணுமா? யாரு மறைக்கணும்... படம் போடுறவரேவா?

கையால மறைச்சா ஓரம் கலங்கலா இருக்கும்ங்கிறீங்க. ஆமா, இது கத்தரிச்ச மாதிரிதான் இருக்கு. கொண்டை, தோளு, மாலை, புடவைக் கொசுவம் வரைக்கும். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி காகிதத்து மேல வச்சாத்தான் இப்படி வருமா?

அட்டை இருந்துது தம்பி. கறுப்பு அட்டை. அந்த டிராயர்லதான் கிடந்துது. பொம்மை மாதிரி அழகா வெட்டியிருந்துது. யாருக்கோ விளையாட்டுக் காட்ட வெட்டினதுன்னு நினைச்சு பேத்திகிட்ட குடுத்தேன். அவ அதுக்கு சாக்பீஸ்ல கண்ணு மூக்கெல்லாம் வரைஞ்சு வச்சுக்கிட்டிருந்தா. எங்க போட்டாளோ.

எவ்வளவு நேரம் வைக்கணும் அதை? வெளிச்சம் எரியுற வரைக்கும், முழு நேரமும். பக்கத்துலயே நின்னுக்கிட்டு.

ம்.

அப்ப மிஷின்ல பழுது ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நல்ல மிஷின்தான். மத்த எல்லாம் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு, அண்ணி மூக்குத்திக் கல்லு கூடத் தெரியுது. அப்புறம் விலையை எதுக்குக் குறைக்கணும்? சொன்ன விலைதான். ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து கழட்டிக்குங்க, போல்ட் இறுகிப்போய் இருக்கும்.

இந்தப் படத்தையும் எடுத்துக்குங்க. பெரிய சைசு எப்படி விழும்னு யாருக்காவது காட்டணும்னா உதவும். இல்ல இல்ல, எனக்கு வேண்டாம். வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? அதுல இருக்கிறவங்க யாரும் இப்ப உசுரோட இல்ல.